ஏ 40 காருக்குள் எத்தனை குதிரை?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் தீவுகளில் "எத்தனை குதிரை?" என்று கேட்காத வீடு குறைவு. வள்ளத்துக்கு மெசின் வாங்கப் போனால் முதற்கேள்வி அதுதான். போர்க்காலத்தில் அந்தக் கேள்விக்குச் சட்டமும் இருந்தது. இத்தனை குதிரைக்கு மேலான எஞ்சினைப் பூட்டிக்கொண்டு கடலுக்கு இறங்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு தொழில் செய்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். பழைய கார் விற்பனையிலும் இதே கேள்வி வருகிறது. ஆனால் அங்கே பதில் சிக்கலானது. ஒரே காருக்கு மூன்று பேர் மூன்று இலக்கம் சொல்வார்கள். மூன்றும் எங்கோ அச்சில் இருக்கும்.

காருக்குப் போகுமுன் உண்மையான குதிரையைப் பார்த்துவிட்டுப் போவோம். எங்களிடம்தான் இருக்கிறதே.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வளவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பது இன்னொரு பகுதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் என்றால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. குதிரை கொண்டுவந்தவனுக்கு ஏன் இந்தச் சலுகை? படைக்குத் தேவையான சரக்கு என்பதால்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அடுத்த நூற்றாண்டில் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தபோது, பாரசீகக் குடாவிலிருந்து பாண்டிநாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை போவதை எழுதிவைத்தார். எங்கள் மூத்தவர்களின் கடல்வழி அது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி இருந்தால் பெரிய விசயம்.

பிறகு நெடுந்தீவு. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டதாகச் சொல்லப்படும் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டாக்காலியாக மேய்கின்றன. ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரையே தீவுக்கு வைத்து, குதிரை வளர்ப்பையும் நடத்தினார்கள். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி அதைத் தொடர்ந்தார். சாரப்பிட்டிப் பக்கம் குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. நெடுந்தீவுக் குதிரை குள்ளமானது. குறிகட்டுவானில் படகேறி அதைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் "இதுதானா சேர், ஒரு குதிரை வலு?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி. பதில், இல்லை.

ஒரு குதிரை வலு என்பது ஜேம்ஸ் வாட் போட்ட கணக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நீராவி இயந்திரம் விற்க வந்தவர் அவர். வாங்குபவர்களிடம் அதுவரை இருந்தது ஆலையைச் சுற்றும் குதிரை. "என் இயந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்" என்று சொன்னால்தான் வியாபாரம் நடக்கும். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 சுற்று, 180 இறாத்தல் இழுவை என்று எடுத்துக்கொண்டு பெருக்கினார். நிமிடத்துக்கு 32,572 அடி-இறாத்தல் வரும். அதை 33,000 என்று முழுதாக்கினார். இன்றைய அலகில் 746 வாற். சாதாரணக் குதிரை ஒரு நாள் முழுக்க இப்படி இழுக்காது. ஆனால் சில வினாடிக்கு முழுமூச்சாக உழைத்தால் 15 குதிரை வலு வரை வரக்கூடும் என்று 1993-இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆக, ஒரு குதிரைக்குள் ஒரு குதிரை இல்லை. இந்த அலகு பிறந்தபோதே வியாபாரப் பேச்சோடுதான் பிறந்தது. இனி வரப்போவதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

1910-இல் பிரித்தானியாவில் கார்களுக்கு வரி போட ஒரு அளவு தேவைப்பட்டது. ஒவ்வொரு எஞ்சினையும் மேசையில் ஏற்றி அளக்க யாரால் முடியும்? ரோயல் ஒட்டோமொபைல் கிளப் ஒரு சுலபமான சூத்திரம் கொடுத்தது. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை உருளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுக்க வேண்டும். வருவது குதிரை. பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் கணக்கில் இல்லை. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதும் இல்லை. பிஸ்ரன் நிமிடத்துக்கு 1000 அடி ஓடும், சராசரி அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல், அதில் முக்கால்வாசி வெளியே வரும் என்று எல்லா எஞ்சினுக்கும் ஒரேயடியாக வைத்துக்கொண்டார்கள். க.பொ.த. உயர்தரத்தில் படிக்கும் பிள்ளைகள் இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள், அந்த 2.5 தானாக வரும். 1910-க்கு அது பரவாயில்லாத மதிப்பீடு. பத்து வருடத்தில் பழசாகிவிட்டது. ஆனால் வரி பழசாகவில்லை. 1921 தொடக்கம் ஒரு குதிரைக்கு ஒரு பவுண் என்று அதே சூத்திரத்தில் அறவிட்டார்கள்.

விட்டம் கூடினால் வரி கூடும், நீளம் கூடினால் கூடாது. கார் கொம்பனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒடுங்கிய உருளை, நீண்ட ஓட்டம் என்று எஞ்சின் செய்தார்கள். எங்கள் ஊர்ப் பழைய மெக்கானிக்மார் "இங்கிலீசுக் கார் மெல்ல ஓடும், ஆனால் பாரம் இழுக்கும்" என்று சொல்வார்கள். அந்தக் குணத்தில் பாதியை உண்டாக்கியது லண்டன் வரிக் கந்தோர்.

அந்தக் காலக் கார்களின் பெயரும் இந்த வரிக் குதிரையில்தான் வந்தது. நாங்கள் "பேபி ஒஸ்ரின்" என்ற ஒஸ்ரின் 7, பிறகு ஒஸ்ரின் 10, மொறிஸ் 8 எல்லாம் அப்படி. மொறிஸ் 8-இன் உருளை விட்டம் 57 மில்லிமீற்றர். சூத்திரத்தில் போட்டால் 8 வரும். ஆனால் எஞ்சின் உண்மையில் கொடுத்தது 23.5. அதே 918 சி.சி. எஞ்சினை மெருகேற்றித்தான் 1948-இல் முதல் மொறிஸ் மைனரில் 27.5 ஆக்கினார்கள். ஆகவே யாராவது "மூத்தாப்பாவின் காருக்கு எட்டுக் குதிரைதான்" என்று சிரித்தால், நீங்கள் சிரிக்க வேண்டாம். அது வரிச்சீட்டின் இலக்கம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து 1948-இல் பிரித்தானியா புதுக் கார்களுக்கு ஒரே 10 பவுண் வரி என்று மாற்றியது. 1947-இல் வந்த புது ஒஸ்ரினுக்கு ஏ 40 என்று பெயர். இந்த 40 வரிக் குதிரை அல்ல. தடுப்பு ஒன்றைப் போட்டு எஞ்சினின் தண்டில் நேராக அளந்த வலு, அதாவது பி.எச்.பி. அந்த 'பி' ஆங்கிலத்தில் 'பிரேக்'. 1821-இல் புரோனி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் சுழலும் தண்டைக் கட்டையால் இறுக்கி, அது எவ்வளவு தள்ளுகிறது என்று தராசில் பார்த்த முறையிலிருந்து வந்த பெயர். ஏ 40 டெவன் 1200 சி.சி., 40 குதிரை. அதற்குப் பின் 1952 தொடக்கம் 1954 வரை வந்த ஏ 40 சொமர்செற்றுக்கு அதே எஞ்சினில் நிமிடத்துக்கு 4500 சுற்றில் 42 குதிரை. அந்த வட்டமான முதுகுக் காரை யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. வாடகைக் காராக, கல்யாணக் காராக எத்தனை வருடம் ஓடியது! அதன் உருளை விட்டம் 65.48 மில்லிமீற்றர். பழைய வரிச் சூத்திரத்தில் போட்டால் 10.6 தான் வரும். ஒருவர் 11 என்பார், இன்னொருவர் 40 என்பார், மற்றவர் 42 என்பார். மூன்றும் அந்தக் காரின் இலக்கம்தான்.

இங்கேதான் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும் விசயம் இருக்கிறது.

இப்போது எங்கள் பக்கம் வந்து குடியிருக்கும் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். 1990 ஒக்ரோபர் 30-இல் சோனகதெருவிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டவர்கள். வாப்பாவின் கார் அன்று ஒரு பட்டறையில், எஞ்சின் கழற்றிய நிலையில் கிடந்தது. ஓடாத கார் என்பதால் அது யாருக்கும் வேண்டாததாகத் தப்பியது. வாகனப் புத்தகம் உடுப்புகளோடு புத்தளம் போய், அங்கே ஓலைக் கொட்டிலில் இருந்து, திரும்பவும் வந்தது. வாப்பா திரும்பவில்லை. பல வருடத்துக்குப் பிறகு காரைப் பூட்டி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். போன வருடம் வீட்டுத் தேவைக்கு விற்க நினைத்தபோது வெளியூரிலிருந்து ஒரு தரகர் வந்தார். பார்த்தார். "பெயர் ஏ 40. ஆனால் இந்த எஞ்சின் 948 சி.சி., 34 குதிரை. ஒறிஜினல் இல்லை, யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்" என்று விலையைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தார். உம்மாவுக்கு என்ன தெரியும்? அந்தப் பட்டறையில் மாற்றியிருப்பார்களோ என்று பழைய மெக்கானிக்கின் மேல்கூடச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் எங்கள் தமிழ் அயலவர். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் காரைத் தார்ப்பாய் போட்டுக் காத்தவர்.

புத்தகத்தையும் காரையும் வைத்துப் பார்த்தோம். விசயம் இதுதான். ஏ 40 என்ற பெயரில் ஒஸ்ரின் பல கார் விட்டது. டெவன், சொமர்செற், பிறகு 1954-இல் ஏ 40 கேம்பிறிஜ். இவையெல்லாம் 1200 சி.சி. வகை. 1958-இல் இத்தாலியின் பினின்ஃபரீனா வடிவமைத்த சின்னப் பெட்டிக் கார் ஒன்று வந்தது. அதற்கும் ஏ 40 என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் "ஃபரீனா" என்பார்கள். அதன் எஞ்சின் மொறிஸ் மைனர் 1000-இலும் இருந்த 948 சி.சி. வகை, 34 குதிரை. பெயரில் 40 இருந்தது பழைய பெயரின் மவுசுக்காக. பின்னர் 1961-இல் 37, 1962-இல் 1098 சி.சி. எஞ்சினோடு 48 என்று ஏறியது. ஒருபோதும் சரியாக 40 இல்லை. உம்மாவின் கார் முதல் வகை ஃபரீனா. எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ள இலக்கமும் ஒன்று. 34 என்று வந்ததுதான் அது மாறாத எஞ்சின் என்பதற்குச் சாட்சி. 40 வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தரகர் அறியாமல் சொன்னாரா, அறிந்து சொன்னாரா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கார் பிறகு நியாயமான விலைக்குப் போனது. அதைவிட, மெக்கானிக் ஐயாவின் வீட்டுக்கு உம்மா வட்டிலப்பம் கொண்டுபோனார்.

இந்தக் கார்கள் ஏன் எங்களிடம் இவ்வளவு காலம் மிஞ்சின என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977 வரை புதுக் கார் என்பது கனவு. ஆகவே நாடு முழுக்க ஐம்பதுகளின் கார்களைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். 1977-க்குப் பின் மற்ற ஊர்களுக்கு ஜப்பான் கார் வந்தது. வடக்கில் சில வருடத்தில் போர் வந்தது. எங்கள் கார்களின் இலக்கத்தகடுகளிலும் அந்த வரலாறு இருக்கிறது. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் எடுத்த ஈ.எல்., ஈ.வை., சி.எல். போன்ற இரண்டெழுத்துத் தகடு உள்ளது 'ஸ்ரீ'க்கு முந்திய கார். 1957-இல் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு வந்ததும் அதற்கு எதிராக எழுந்த தார்பூச்சுப் போராட்டமும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது தனிப்பதிவுக்குரிய விசயம்.

மண்ணெண்ணெய்க் காலத்துக்கு வருவோம். ஏனென்றால் உங்கள் காரின் உண்மையான குதிரையை அறிய அது முக்கியம்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டுக்குப் பெற்றோல் போவது நின்றது. ஓகஸ்ரில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்க, தீவுகளிலிருந்து பெருந்தொகைச் சனம் வெளியேறியது. குடாநாட்டுக்குள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து ஒரு குழாய் காபரேற்றருக்கு. பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்துமுன் திரும்பவும் சில துளி பெற்றோல் விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தமுறை எடுக்காது. துளிக்கணக்கில் பெற்றோல் விற்ற காலம்.

ஏன் ஏ 40-களாலும் மைனர்களாலும் இதைத் தாங்க முடிந்தது, புது ஜப்பான் கார்களால் முடியவில்லை? அமுக்க விகிதம். சொமர்செற்றின் எஞ்சின் கலவையை 7.2-க்கு 1 என்றுதான் அமுக்கும். கூட அமுக்கினால் மண்ணெண்ணெய் தானாகப் பற்றி எஞ்சின் தட்டும். தாழ்ந்த அமுக்கம் அந்தக் காலப் பெற்றோலின் தரக்குறைவுக்காகச் செய்தது. எங்களுக்கு அது வேறு வகையில் உதவியது. தட்டுவது கேட்டால் மெக்கானிக்மார் தீப்பொறியைக் கொஞ்சம் பிந்தவைப்பார்கள். எட்டுக்குக் கீழே கஸ்கற்றைத் தடிப்பாக்கி அமுக்கத்தை இன்னும் குறைத்தவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் விலை குதிரையில் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. ஆவியாக்க உள்ளே போகும் காற்றையும் சூடாக்க வேண்டும். சூடான காற்று ஐதானது, ஒருமுறைக்கு உருளைக்குள் போகும் கலவை குறையும், வலு குறையும். தீப்பொறி பிந்தினால் இன்னும் குறையும். எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். பெயரிங் தேயும். ஆகவே அந்தக் காலத்தைக் கடந்த எஞ்சினுக்கு, 1952-இல் தொழிற்சாலையில் அளந்த 42-ஐ எடுத்துக்கொண்டு "என் காருக்கு 42" என்பது சரியில்லை. அந்த 42-கூட, சைலென்சர், டைனமோ, விசிறி எல்லாவற்றோடும் தெருவில் ஓடும் காரில் அளந்ததில்லை. அமெரிக்காவில் 1972 அளவில் எல்லாம் பூட்டி அளக்கும் முறைக்கு மாறியபோது, அதே எஞ்சின்களின் இலக்கம் ஒரே இரவில் விழுந்தது. எஞ்சினில் ஒன்றும் மாறவில்லை.

இன்னொரு வேடிக்கை. தேய்ந்த உருளையை ரீபோர் செய்வோம் அல்லவா? 60 தௌ வரை கடைந்தால் 65.48 என்பது 67 மில்லிமீற்றர் ஆகும். 1200 சி.சி. 1255 ஆகும். பழைய வரிச் சூத்திரத்தில் 10.6 குதிரை 11.1 ஆகிவிடும். கிழவனாகக் கிழவனாக வரிக் குதிரை கூடுகிறது!

சரி, கையில் உள்ள காருக்கு எப்படி அறிவது? முதலில் பெயரை நம்பாதீர்கள். எஞ்சின் தகட்டில் உள்ள இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தகடு இல்லை என்றால் எட்டைக் கழற்றும் நாளில் உருளை விட்டத்தை அளந்து வையுங்கள். ஒஸ்ரினின் 1200 சி.சி. எஞ்சினுக்கும், பிறகு வந்த 1489 சி.சி. எஞ்சினுக்கும் பிஸ்ரன் ஓட்டம் ஒன்றுதான், 89 மில்லிமீற்றர். விட்டம் 65.5 அளவில் என்றால் 1200, 40 முதல் 42 குதிரை. 73 என்றால் 1489, ஏ 50, ஏ 55 கேம்பிறிஜ் வகை, 50 குதிரையை அண்டி. இந்தியாவின் அம்பாசடரிலும் இந்த 1489 எஞ்சின்தான் நெடுங்காலம் இருந்தது. அதனால் அங்கிருந்து வந்த பாகங்கள் பலவும் எங்கள் கேம்பிறிஜ்களுக்குப் பொருந்தின. டீசல் எஞ்சின் பூட்டிய கேம்பிறிஜ் என்றால் இந்தக் கணக்கு ஒன்றும் செல்லாது, எஞ்சினுக்குரிய நாட்டின் புத்தகத்தைத் தேட வேண்டும். ஜப்பான்காரர் எழுதும் குதிரை 735.5 வாற், ஆங்கிலேயருடையது 746. சின்ன வித்தியாசம்தான், சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இன்று அது எவ்வளவு தருகிறது என்று பார்க்க யந்திரம் தேவையில்லை. எங்கள் உயர்தர மாணவர்கள் போன தவணை போட்ட கணக்கைத் தருகிறோம். ஆட்களோடு சேர்த்துக் கார் 1200 கிலோ என்று வையுங்கள். மூன்றாம் கியரில் மணிக்கு 30 கிலோமீற்றரில் இருந்து 60-க்கு முழுமிதியில் போக எடுக்கும் நேரத்தைக் கைபேசியில் பாருங்கள். கூடும் இயக்கச் சக்தி 1,25,000 யூல். 10 வினாடி எடுத்தால் வினாடிக்கு 12,500 யூல், ஏறத்தாழ 17 குதிரை. காற்றையும் ரயரின் உராய்வையும் தள்ள இன்னும் 4 அல்லது 5 குதிரை சேர்த்தால் 21 முதல் 22. இது சில்லில் வரும் வலு, அதுவும் எஞ்சின் நடுச்சுற்றில் நிற்கும்போது. 42 குதிரை எஞ்சினுக்கு அது கெட்ட இலக்கம் இல்லை. 15 வினாடிக்கு மேல் போனால் அமுக்கம் பார்க்க வேண்டிய நேரம்.

தீவுகளில் மேடு பள்ளம் இல்லாதது இதற்கு வசதி. பண்ணைத் தாம்போதி நேரானது, ஆனால் பஸ்ஸும் மோட்டார்சைக்கிளும் ஓடும் தெரு. விடியக்காலையில், இன்னொருவரைப் பக்கத்தில் வைத்து நேரம் பார்க்கச் சொல்லி, போகும்போது ஒருமுறை வரும்போது ஒருமுறை எடுத்துச் சராசரி போடுங்கள். சோளகம் அடிக்கும் மாதத்தில் ஒரு பக்கம் 8 வினாடியும் மறுபக்கம் 13 வினாடியும் காட்டும்.